பத்துக்கு ஆறில் உலகம்மாள்

கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி வைக்க முடியுமா என்று கேட்டார் கோமதிநாயகம். அவர் கேட்டது மகளின் கழுத்தை இல்லை, அயர்லாந்து தலைவரின் கழுத்தை. பாவூர்சத்திரம் மார்க்கெட் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் முப்பிடாதி இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குத் தொப்பையைக் குறைத்திருக்கிறாள், வழுக்கையில் முடி வைத்திருக்கிறாள், முகத்தில் விழிக்காத அண்ணன் தம்பியைத் தோளில் கை போட்டு நிற்கவும் வைத்திருக்கிறாள். ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் கழுத்தை நிமிர்த்தச் சொல்லி இதுவரை யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. "எப்டி அண்ணாச்சி நிமித்த? நீங்க அனுப்புன வீடியோவ எந்த எடத்துல நிறுத்துனாலும் ஆளு குனிஞ்சேதான் நிக்காரு" என்றாள். "பேப்பரப் பாத்துப் படிக்காரும்மா, அதான்" என்றார் அவர். சொல்லிவிட்டு அது சரிதானா என்று தனக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பேப்பர்தான். கையில் பேப்பர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பேப்பரைப் பார்க்காத நேரத்திலும் அந்த மனிதர் நிமிரவில்லையே என்று உள்ளே ஒன்று முனகியது. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரையில் பேனர் முக்கால்வாசி முடிந்திருந்தது. பத்தடி அகலம், ஆறடி உயரம். மேலே வட்டத்துக்குள் ஷேமஸ் டூலன், அயர்லாந்தில் ஏதோ ஒரு கட்சியின் தலைவர், ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பது கோமதிநாயகத்துக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. நடுவில் நர்சிங் முடித்த வருடம் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் உலகம்மாள். அவளுக்கு மேலே மஞ்சள் எழுத்தில், 'அயர்லாந்து நாடாளுமன்றத்தில் பெயர் சொல்லிப் புகழப்பட்ட எங்கள் செல்வ மகள் கோ. உலகம்மாள் அவர்களை வாழ்த்தி வணங்கி மகிழ்கிறோம்.' பெற்ற மகளை யாராவது வணங்குவார்களா அண்ணாச்சி என்று முப்பிடாதி கேட்டதற்கு, நீ போடுகிற எல்லாப் பேனரிலும் வணங்கித்தானே மகிழ்கிறார்கள், என் மகளுக்கு மட்டும் ஒன்று குறைய வேண்டுமா என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நாளைக்கு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. தெருமுக்கில், வருகிற பஸ்ஸெல்லாம் திரும்புகிற இடத்தில், சாரல் காற்றில் இது விறைத்து நிற்க வேண்டும். வெளியே தூறிக்கொண்டிருந்தது. உள்ளறையில் மிஷின் யாருடைய காதுகுத்துப் பேனரையோ அச்சடித்துக்கொண்டிருந்தது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்து நடந்து ஒரு முகத்தை வரிவரியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. சத்தம் எதுவானாலும் அதைத் தரம் பிரித்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது, அது தொழில் தந்த வியாதி. கோமதி சவுண்ட் சர்வீஸ் என்றால் ஆலங்குளத்திலிருந்து கடையநல்லூர் வரைக்கும் தெரியாத ஆள் கிடையாது. நாற்பது வருடம். மூன்று எழுத்துக் கட்சி, நான்கு எழுத்துக் கட்சி, எழுத்து மறந்துபோன கட்சி என்று எல்லோருக்கும் மைக் கட்டியிருக்கிறார். மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருப்பவர் பேச்சாளரின் முதுகைத்தான் பார்ப்பார். முகம் தெரியாது, குரல் மட்டும். இத்தனை முதுகுகளைப் பார்த்தவர் இந்த ஜில்லாவில் இன்னொருவர் இருக்க மாட்டார் என்பதில் அவருக்குப் பெருமை. பேச்சின் அர்த்தத்தை அவர் எப்போதோ விட்டுவிட்டார். குரலை வைத்தே சொல்லிவிடுவார், இவன் இப்போது திட்டப் போகிறான், இவன் இப்போது கேட்கப் போகிறான், இவனுக்குத் தொண்டை காய்ந்துவிட்டது, சோடா கொடுங்கள் என்று. ஒருத்தரைப் புகழும்போது பேச்சாளர் பெயருக்கு முன்னால் ஒரு இழுப்பு இழுத்து நிறுத்துவார், அப்புறம் பெயரைத் தூக்கி மேலே எறிவார், எறிந்துவிட்டுக் கைதட்டலுக்கு இடம் விட்டு நிற்பார். அந்த இடத்தில் சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் ஸ்பீக்கர் அலறும். இரங்கல் கூட்டத்தில் அப்படி இல்லை. பெயர் வரும்போது குரல் தணியும், பெயர் தொண்டைக்கு உள்ளேயே விழும், அந்த இடத்தில் கூட்ட வேண்டும். யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாகச் செய்யும். பேசுகிறவர்கள் எல்லோருடைய பெயரையும் சொல்வார்கள், வட்டம் அவர்களே, ஒன்றியம் அவர்களே, மாலை வாங்கிக் கொடுத்தவர் அவர்களே. நன்றியுரையில் கடைசி வரியாக, ஒலி ஒளி அமைத்துத் தந்த கோமதி சவுண்ட் சர்வீஸ் என்று ஆரம்பிக்கும்போதே ஜனம் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு செருப்பைத் தேடும். நாற்பது வருடத்தில் ஒரு தலைவராவது அவர் பெயரை உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்குச் சொன்னதில்லை. குறையாக அவர் இதை யாரிடமும் சொன்னதுமில்லை. ஆனால் நான்கு நாளைக்கு முன்னால், எங்கேயோ கடலுக்கு அப்பால், கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற மன்றத்தில், ஒரு தலைவர் எழுந்து நின்று 'உலகம்மாள் கோமதிநாயகம்' என்றார். முழுசாக, அப்பன் பெயரையும் சேர்த்து. ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அதைப் பத்துக்கு ஆறில் போடாமல் வேறு எதைப் போடுவதாம்?

வீடியோவை அனுப்பியது மைத்துனன் சங்கரலிங்கம், சென்னையில் இருக்கிறவன், எதையும் முழுசாகப் பார்க்கிற பழக்கம் இல்லாதவன். நாற்பது விநாடி. 'நம்ம உலகு பேரு அயர்லாந்து பார்லிமெண்டில்' என்று எழுதி வரிசையாகக் கைதட்டுப் படம் போட்டிருந்தான். குடும்பக் குழுவில் எல்லோரும் அதற்குக் கீழே கைதட்டினார்கள், இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இங்கிலீஷில் தட்டினார்கள். கோமதிநாயகத்துக்கு அதில் நர்ஸ் என்ற சொல்லும் தேங்க் என்ற சொல்லும் பிடிபட்டன, இரண்டும் நல்ல சொல்தானே. டீக்கடையில் காட்டினார். கோயில் கமிட்டியில் காட்டினார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு டாக்டரிடமும் காட்டினார். இருநூறு தடவையாவது பார்த்திருப்பார். ஆனால் முதல் தடவை பார்த்தபோது ஒன்று நடந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. மகளின் பெயர் வந்த இடத்தில் அவர் விரல் போனின் ஓரத்துப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டியது. குறைக்கவில்லை, கூட்டியது. விரலைப் பார்த்தார். மறுபடி போட்டார், மறுபடியும் கூட்டியது. அதற்கப்புறம் பார்க்கும்போதெல்லாம் போனை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் பழகினார். வெள்ளைக்காரர்கள் அமைதியாகத்தான் பாராட்டுவார்கள், நம்மைப் போல மேஜையைத் தட்ட மாட்டார்கள், குளிர் தேசம், தொண்டை அவ்வளவுதான் ஏறும் என்று காரணங்களை ஒவ்வொன்றாக வரிசையில் நிறுத்தினார். காரணங்கள் ஒழுங்காக நின்றன. ஆனால் அந்தத் தலைவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து மாட்டினாளா, மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டாளா என்று பார்ப்பதற்குள் நாற்பது விநாடி முடிந்துவிடுகிறது, எப்போது போட்டாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. கண்ணாடியில் தூசி இருந்திருக்கும். அந்த ஊரில் தூசி ஏது, உலகுவே சொல்லியிருக்கிறாளே, வெள்ளைச் சட்டை மூன்று நாள் ஆனாலும் அழுக்காக மாட்டேன் என்கிறது அப்பா என்று. அப்படியென்றால் கண்ணாடியில் என்னத்தைத் துடைத்தாள்?

உலகு முகம் காட்டி மூன்று வாரம் ஆகிறது. கேமராவில் கோளாறு என்றாள். அது நடக்கும், போன் என்றால் கீழே விழத்தான் செய்யும். எழுதி அனுப்புகிறவள், சாப்பிட்டது, படுத்தது எல்லாவற்றையும் பத்தி பத்தியாகத் தமிழில் எழுதுகிறவள், இப்போது பேசித்தான் அனுப்புகிறாள், அதுவும் இரண்டு வார்த்தை. வேலை அதிகமாக இருக்கும். நாடாளுமன்றத்திலேயே பெயர் சொல்லிவிட்டார்கள், பொறுப்பும் கூடத்தானே செய்யும். ஆனால் கேமரா கெட்டது பெயர் சொன்னதற்கு முந்தி அல்லவா? இந்த இடத்துக்கு வந்ததும் அவர் புத்தி மெதுவாகத் திரும்பி வேறு பக்கம் நடக்கும், நடந்து சுற்றி மறுபடி இதே இடத்துக்கே வந்து நிற்கும். அன்றைக்கு வீடியோ பார்த்த கையோடு கூப்பிட்டபோது, "பாத்துட்டியளா" என்று மட்டும் கேட்டாள். "பாத்தேனாவா? ஊரே பாத்துட்டு தாயி! தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு" என்று அவர் சிரித்தார். "எல்லாரும் என்ன சொல்லுதாவ?" "என்ன சொல்லுவாவ? கோமதிநாயகம் மகள்னா சும்மாவான்னு சொல்லுதாவ." அதற்கு, "சரிப்பா" என்றாள். அந்தச் சரிப்பா அவருக்கு இப்போதும் காதில் கிடக்கிறது. சத்தத்தைத் தரம் பிரிக்கிறவருக்கு மகள் சொன்ன ஒரு சொல்லைத் தரம் பிரிக்க மனம் வரவில்லை. அவள் மறைக்கத் தெரிந்தவள். ஒன்பது வயதில், இதே போல ஒரு கொடையின்போது, காலில் ஆணி ஏறியதை இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தாள். அவள் அம்மா ஆவுடைதான் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். ஏண்டி சொல்லவில்லை என்று அம்மா அடிக்க ஓங்கியபோது, சொன்னால் அப்பா மைக்செட்டைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள், பாட்டு நின்றுபோகும் என்றாளாம். அவளைத் தூக்கிக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது ஒரு பக்கம் உயிர் போனாலும், என் மகள் எவ்வளவு தாங்குகிறாள் பார் என்று நெஞ்சுக்குள் ஒன்று நிமிர்ந்ததும் நினைவு இருக்கிறது. அதை நினைத்தால் இப்போது பயமாக இருந்தது. அந்தக் குளிரில், டப்ளினிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிற ஒரு ஊரில், முதியோர் ஆஸ்பத்திரியில், அவள் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்? ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பெயர் சொல்லிப் புகழ்ந்திருக்கிறார்கள், பேனர் நாளைக்கு விடியும் முன் ஏற வேண்டும், கயிறு வாங்க வேண்டும், ஏணி முருகையா வீட்டில் கிடக்கிறது.

"அண்ணாச்சி, வாட்ஸப்புல வந்த வீடியோவ நிறுத்தி எடுத்தா படம் இதான் கதி" என்றாள் முப்பிடாதி. தலைவரின் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினாள், மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. "நெட்டுல நல்ல படம் கெடைக்கும், தேடுதேன்." தேடினாள். அந்தப் பேச்சின் முழு வீடியோவே கிடைத்தது, ஏழு நிமிடம், பளிச்சென்று. கீழே எழுத்து ஓடியது. நல்லதாக ஒரு முகத்தைப் பிடிப்பதற்காக ஓடவிட்டவள் எழுத்தைப் படிக்க ஆரம்பித்தாள். கல்லூரியில் படித்த இங்கிலீஷ் துருப்பிடித்திருந்தாலும் ஓடியது, தடுக்கிய இடத்தில் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு நிமிடம் ஆனதும் வீடியோவை நிறுத்தினாள். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, மகளு நல்லா இருக்கால்லா? பேசுனியளா?" என்றாள். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என்ன என்று தெரியவில்லை, தெரிந்துவிட்டது மட்டும் தெரிந்தது. "என்ன போட்டிருக்கு, படி" என்றார். "வீட்டுல போயி சம்சாரத்த வச்சிக்கிட்டு..." "இங்கனயே படிம்மா." அவள் திரையைப் பார்த்தபடி, அவரைப் பார்க்காமல் சொன்னாள். "சாயந்தரம் டூட்டி முடிஞ்சி பஸ் ஸ்டாப்புல நின்னுருக்கா. நாலஞ்சு பயலுவ வந்து நெறத்தச் சொல்லி ஏசிருக்கானுவ. ஒன் ஊருக்குப் போன்னு தள்ளி விட்டிருக்கானுவ. விழுந்ததுல வலது கை மணிக்கட்டு ஒடிஞ்சிட்டாம். மொதல்ல இதத்தான் சொல்லுதாரு." அவள் மேலே ஓடவிட்டாள். "அடுத்த திங்கக்கெழம கட்டோட வேலைக்கு வந்துட்டாளாம். தூக்கிப் புடிக்க முடியாதுன்னு, இடது கையால வயசாளிகளுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாளாம். ஏன் வந்தன்னு கேட்டதுக்கு, நான் வரலேன்னா அவங்க எனக்காவ சாப்பிடாம உக்காந்திருப்பாங்கன்னு சொன்னாளாம். அதுக்குத்தான் அந்த நன்றி. ஒங்க மச்சினனுக்கு வந்தது பேரச் சொல்லி நன்றி சொல்லுத துண்டு மட்டும்தான் அண்ணாச்சி. இதுக்கு அங்கிட்டு இன்னும் இருக்கு." சொல்லு என்பது போல அவர் கையை அசைத்தார். "எனக்கு வெக்கமா இருக்குங்காரு. உலகம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கேங்காரு. எங்கள நம்பி மகளை அனுப்பி வச்ச அவ அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் இந்த மன்றத்துல நின்னு மன்னிப்புக் கேக்கேங்காரு."

மிஷின் நின்றுபோயிருந்தது. காதுகுத்துப் பேனர் முடிந்திருக்கும். கோமதிநாயகம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் வந்தது கோபம்தான், நான்கு நாளாகக் கைதட்டிய எல்லோர் மேலும், சங்கரலிங்கத்தின் மேலும், அந்தப் பயல்களின் மேலும். முகம் தெரியாதவர்கள் மேல் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அது திரும்பி அவர் மேலேயே வந்து உட்கார்ந்தது. விரல் சொன்னதே. இருநூறு தடவை சொன்னதே. கையைக் கட்டிக்கொண்டு அல்லவா பார்த்தாய் மூதேவி. வலது கை. அதனால்தான் எழுத்து வரவில்லை. பல் டாக்டரிடம் காட்டினாயே, பிள்ளை கை ஒடிந்ததைப் பஞ்சை வைத்துக்கொண்டு காட்டிச் சிரித்தாயே. "சத்தத்தக் கூட்டு" என்றார். "ஆரம்பத்துலருந்து போடு." இங்கிலீஷ் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர் ஏழு நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாற்பது வருடத்தில் எத்தனை தலைவர்கள் வருத்தப்பட்டு அவர் கேட்டிருக்கிறார், துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு, பின்பக்கம் வந்து, பிரியாணி வந்துவிட்டதா என்று கேட்ட குரல்கள். இந்தக் குரலில் அது இல்லை. இது சோடா கேட்கிற குரல் இல்லை. நடுவில் ஒரு இடத்தில் தட்டுத் தடுமாறி நின்றது, எழுதிக்கொண்டு வந்த பேச்சில் அப்படி நிற்காது. ஃபாதர் என்றது. அவர் கண்ணைத் திறந்தார். ஒரு மன்றம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்க, ஒருவரும் எழுந்து போகாமல் இருக்க, ஒரு தலைவர் கோமதிநாயகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவில் பழைய பெருமை தலையை நீட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து அவருக்கு அசிங்கமாகப் போயிற்று. பிள்ளையின் எலும்பு உடைந்த இடத்திலும் உனக்குப் பேர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டார். கேட்ட பிறகும் அது போகவில்லை, ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

மணி பன்னிரண்டு. அங்கே காலை ஏழரை. மகளை வீடியோவில் கூப்பிட்டார், அவள் அதை வெட்டிவிட்டுச் சாதாரணமாகக் கூப்பிட்டாள். "என்னப்பா, டூட்டிக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கேன்." "முகத்தக் காட்டு தாயி. எனக்கு எல்லாம் தெரியும்." திரையில் அவள் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார், முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வெள்ளைக் கட்டு. "வலிக்கா?" "இப்ப இல்லப்பா. அரிக்கத்தான் செய்யுது." "அவனுவளப் புடிச்சாச்சா?" "மூணு பேரப் புடிச்சிட்டாவ. ஸ்கூல்ல படிக்கிற பயலுவ." அவர் பல்லைக் கடித்தார். "எங்ககிட்ட ஏன் சொல்லல?" "அம்மா பயந்துருவான்னு பாத்தேன். கட்ட அவுத்த பொறவு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வீடியோ வந்துட்டு. நீங்க அம்புட்டுச் சந்தோசமாப் பேசுனிய, ஊரே பாத்துட்டுன்னு சிரிச்சிய. அதுக்கு மேல நான் எப்டிச் சொல்ல?" குற்றம் சாட்டுகிற குரலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அப்படி இல்லை, அப்பனின் சந்தோஷத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தவளின் குரல் அது. வந்துரு என்று அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. இருக்கிற மைக்செட்டை விற்றாவது உன்னை வைத்துக் காப்பாற்றுகிறேன், வந்துரு. "வந்துருன்னு மட்டும் சொல்லாதிய" என்றாள் அவள். "பயமா இல்லையான்னு கேட்டா, இருக்கு. அந்த பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது இப்பவும் கை காலு ஒதறத்தான் செய்யுது. ஆனா அங்கதாம்ப்பா நிக்கேன். வேற ஸ்டாப்புக்கு மாறல." அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "அந்தத் தலைவரு ஒன்னைய வந்து பாத்தாரா?" என்றார். "வந்தாரு. போட்டோ எடுக்க ஆளுங்களும் கூட வந்தாவ. நான் அந்நேரம் ஒரு ஆச்சிக்குச் சாப்பாடு குடுத்துக்கிட்டு இருந்தேன். அரை மணி நேரம் ஆகும், வெளிய இருங்கன்னுட்டேன்." "ஆரு, நீயா?" "ஆமா. பாதியில விட்டா அந்த ஆச்சி மறுபடி வாயத் தொறக்காது." "இருந்தாரா?" "இருந்தாருப்பா. வராண்டாவுல சின்ன நாக்காலி போட்டு இருந்தாரு. போட்டோவும் வேண்டாம்னுட்டேன், சரின்னு கையக் குடுத்துட்டுப் போனாரு." கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தார், முப்பிடாதி இருக்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லை. எத்தனை தலைவர்களுக்காக எத்தனை மணி நேரம் மண்டை காயக் காத்துக்கிடந்திருக்கிறார். அவர் மகள் ஒரு தலைவரை வராண்டாவில் உட்கார வைத்துவிட்டு, ஒரு ஆச்சிக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள். இதற்கு மேல் பெருமை என்று ஒன்று உண்டா? அப்புறம்தான் பேனர் விஷயத்தைச் சொன்னார், பிடிபட்டவனைப் போல மென்று விழுங்கிச் சொன்னார். உலகு தலையில் கை வைத்துக்கொண்டாள், கட்டுப் போட்ட கையாலேயே. "வணங்கி மகிழ்கிறோம்னா போட்டிருக்கிய? ஐயய்யோ!" என்று சிரித்தாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் கேட்கிற சிரிப்பு, அதற்குச் சத்தத்தைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். "எடுத்துரட்டுமா தாயி? போடாண்டாம்னா சொல்லு." அவள் கொஞ்சம் யோசித்தாள். "போடுங்கப்பா. ஒங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பொய்யாப் போடாதிய. நான் ஒரு படம் அனுப்புதேன், அதப் போடுங்க. அம்மாட்ட நீங்களே சொல்லிருங்க, நான் அழுதுருவேன்."

படம் வந்தது. கூட வேலை பார்க்கிற யாரோ எடுத்தது, உலகுவுக்குத் தெரியாமல் எடுத்தது போல. ஜன்னலை ஒட்டிய கட்டில் ஓரம் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் கரண்டியை நீட்டிக்கொண்டிருக்கிறாள். எதிரே இருக்கிற ஆச்சியின் வெள்ளைத் தலை மட்டும் தெரிகிறது. முப்பிடாதி அதைத் திரையில் ஏற்றினாள். நல்ல படம், உடையவில்லை. வழக்கப்படி அவள் கை வேலையை ஆரம்பித்தது. "இடுப்போட வெட்டிருதேன் அண்ணாச்சி, கட்டு தெரியாது. மொகத்தையும் ஒரு தட்டு வெளுப்பாக்கிருதேன்." "வேண்டாம்" என்றார். "ஒண்ணும் வெட்டாத. கட்டு முழுசும் வரட்டும். நெறத்தத் தொடாத, அவ நெறத்துலயே இருக்கட்டும்." "ஊருல கேப்பாவளே?" "கேக்கட்டும். கேட்டா சொல்லுதேன். நாலு நாளா பொய்யச் சொன்ன வாயிதான, நெசத்தையும் சொல்லட்டும்." மஞ்சள் எழுத்தில் புகழப்பட்ட என்ற சொல்லை முப்பிடாதி அழித்தாள். அந்த இடத்தில் என்ன போட என்று கேட்டாள். அவர் வெகு நேரம் யோசித்தார். தாக்கப்பட்ட என்று போட முடியாது, அந்தப் பயல்கள் செய்ததை அவள் பெயருக்கு முன்னால் மாட்டக் கூடாது. மன்னிப்புக் கேட்கப்பட்ட என்றும் போட முடியாது, அது அந்தத் தலைவரின் வேலை, அவளுடையது இல்லை. மேடையில் கேட்ட அத்தனை அடைமொழிகளும் வரிசையாக வந்து நின்றன, ஒன்றுகூட அவளுக்கு அளவாக இல்லை. "எல்லாத்தையும் எடுத்துரு. உலகம்மாள், நர்ஸ். அவ்வளவுதான். கீழ ஆவுடையம்மாள், கோமதிநாயகம்னு போடு, அம்மா பேரு முன்னால வரட்டும்." "இவரு?" என்று தலைவரின் வட்டத்தைக் காட்டினாள். அவர் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கட்டும். கீழ கொண்டா. வாழ்த்துறவங்க வரிசைல, கோயில் கமிட்டி தலைவருக்குப் பக்கத்துல வச்சிரு. நான் வீட்டுக்குப் போன் போட்டுட்டு வந்த பொறவு மிஷின ஓட்டு." சாரலில் இறங்கி, கடை வாசலை விட்டுத் தள்ளி, சாத்திக் கிடந்த ஒரு ஷட்டரின் ஓரமாக நின்று ஆவுடையைக் கூப்பிட்டார். உட்கார்ந்துகொள் என்றார் முதலில். என்ன பேசினார்கள் என்று முப்பிடாதிக்குக் கேட்கவில்லை. ஒரு கையால் போனையும் மறு கையால் ஷட்டரையும் பிடித்துக்கொண்டு அவர் நின்றது மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது தலை நனைந்திருந்தது. "அவளும் பேனர்ல இந்தப் படத்தத்தான் போடச் சொல்லுதா" என்றார். "போடு."

மிஷின் நடக்க ஆரம்பித்தது. முதலில் உலகம்மாள் என்ற எழுத்து வந்தது, பிறகு நர்ஸ். ஜன்னல் வந்தது, ஜன்னலுக்கு வெளியே பெயர் தெரியாத மரம். பிறகு கூந்தல், நெற்றி, அவருடைய அம்மாவின் சாயலில் வந்த கறுத்த முகம், சிரிக்காமல் கரண்டியையே பார்க்கிற கண். கோமதிநாயகம் மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மடி வந்தது. மடியில் கட்டு வர வேண்டிய இடத்தில் மை விழாமல் மிஷின் தாண்டிப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடியும் தாண்டிப் போயிற்று. வெள்ளைக்கு மை கிடையாது, ஃப்ளெக்ஸின் சொந்த வெள்ளைதான். சுற்றிலும் எல்லாம் ஈரமாக மின்ன, அந்த ஒரு கை மட்டும் காய்ந்து வெளேரென்று இருந்தது. அவர் மெதுவாகக் கையை நீட்டினார். "தொடாதிய அண்ணாச்சி, மை ஈரமா இருக்கும், ஒட்டிரும்" என்றாள் முப்பிடாதி. "இதுல மை இல்லம்மா" என்றார் அவர். கட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். மிஷின் ஃப்ளெக்ஸைத் தள்ளத் தள்ள அதன் கூடவே நடந்தார், கையை எடுக்கவில்லை.